டர்க்கிய சிங்க்ல கழுவாதீங்க

டர்க்கிய, அதாங்க வான்கோழிய, சமைக்கிறதுக்கு முன்னாடி கழுவ வேணாம்னு கட்டுரைல போட்டதுக்கு இங்க கமெண்ட்ல ஏன் இவ்ளோ சண்டை? நானும் கோழி மாதிரி மஞ்சள் போட்டு கழுவுன ஆளுதான், 14 பவுண்டு பறவைய சிங்க்ல வச்சு குழாய தொறந்தா தண்ணி தெறிச்சு பக்கத்துல வெட்டி வச்ச சாலட் வரைக்கும் போச்சு. கிருமி சூட்டுலதாங்க சாகும். அதவிட பெரிய கூத்து உறைஞ்ச பறவைய ஐஸ் விட வைக்கிறது, ஃப்ரிட்ஜ்ல 4-5 பவுண்டுக்கு ஒரு நாள் கணக்கு, வியாழன் தேங்க்ஸ்கிவிங்னா (டர்க்கி சமைக்கிற அமெரிக்கப் பண்டிகை) ஞாயிறே ஃப்ரீசர்ல இருந்து எடுத்துடணும், நாங்க புதன் ராத்திரி எடுத்துட்டு பச்சத்தண்ணில முக்கி வச்சு அரை மணிக்கொரு தடவ தண்ணிய மாத்திக்கிட்டே 7 மணி நேரம் முழிச்சு கெடந்தோம். தோல் செவந்தத நம்பாதீங்க, தொடைல எலும்புல படாம தெர்மாமீட்டர் குத்துனா 165 ஃபாரன்ஹீட் காட்டணும்.