டிரம் பிரேக்கைக் கழற்றும் முன்

அமெரிக்க ராணுவத்தின் பழைய எம்35 லாரியிலிருந்து ‘இரண்டரை டன்’ ரக (லாரி சுமக்கும் எடையை வைத்து வந்த பெயர்) ராக்வெல் கம்பெனி ஆக்ஸில்களை எடுத்து சேற்று வண்டி கட்டியதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அருமை. டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) மேல்பக்கம் இருப்பதால் அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் கல்லில் இடிக்காது, 6.72 கியர் விகிதம் (ஷாஃப்ட் 6.72 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) பெரிய டயருக்கும் தாங்கும். இதெல்லாம் சரிதான்.

ஆனால் பிரேக் விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! எடை குறையட்டும் என்று நான்கு சக்கரங்களின் டிரம் பிரேக்கையும் கழற்றிவிட்டு, டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் பினியன் ஷாஃப்டில் ஒரு டிஸ்க் மாட்டிக்கொள்கிறார்கள். பிடிமானம் பிரமாதமாக இருக்கும், ஏனென்றால் அந்த 6.72 மடங்கு பிரேக்குக்கும் கிடைக்கிறது. ஆனால் லாக்கர் (இரு பக்க ஷாஃப்டையும் சேர்த்துப் பூட்டும் அமைப்பு) போடாத டிஃபரன்ஷியலில் ஒரு பக்க ஆக்ஸில் ஷாஃப்ட் முறிந்தால் அந்த ஆக்ஸிலில் பிரேக்கே கிடையாது. உடைந்த பக்கம் சும்மா சுற்றும், நல்ல பக்கச் சக்கரம் உருண்டுகொண்டே போகும். இறக்கத்தில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சாலையில் ஓட்டுவதாக இருந்தால் சக்கரத்திலேயே பிரேக் இருக்கட்டும், தயவுசெய்து.

அப்புறம், வாங்கும்போது முன் ஆக்ஸிலின் ஸ்டீயரிங் முட்டியில் (சக்கரம் திரும்பும் மூட்டு) இருக்கும் ரப்பர் உறையை விரலால் விரித்துப் பாருங்கள். நான் பார்த்த ஒன்றில் மடிப்புக்குள்ளே நீளக் கிழிசல், டிரெயின் பிளக்கைத் திறந்தால் ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது. தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பேரிங் அத்தனையும் மாற்ற வேண்டியிருந்தது.