பச்சை ஸ்மூத்தியை வடிகட்டாதீர்கள்

வீட்டில் பழமும் கீரையும் சேர்த்துப் பச்சை ஸ்மூத்தி செய்யத் தொடங்கியிருக்கும் நண்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது முதலில் ஒன்றுதான்: தயவுசெய்து அதை வடிகட்டாதீர்கள். மிக்ஸியில் அடித்து, வடிகட்டியில் ஊற்றி, கரண்டியால் அழுத்திப் பிழிந்து, சக்கையைக் குப்பையில் கொட்டிவிட்டு, மிஞ்சிய தண்ணீரில் இரண்டு கரண்டி சர்க்கரை கலப்பதுதான் பழச்சாறு என்னும் வழக்கம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. விருந்தாளிக்குச் சாத்துக்குடிச் சாறு கொடுக்கும்போது அதில் பெரிய பிழையொன்றும் இல்லை. ஆனால் கீரையையும் பழத்தையும் முழுதாக அரைப்பதன் பயனே நார்ச்சத்து பானத்திலேயே தங்குவதுதான். அதை எடுத்து எறிந்தபின் தம்ளரில் இருப்பது பச்சை நிறமுள்ள இனிப்புத் தண்ணீர் மட்டுமே.

அடுத்ததாக, இதற்கென்று விலை உயர்ந்த வெளிநாட்டு பிளெண்டர் வாங்க வேண்டும் என்று பரப்பப்படுவதை நான் ஏற்கவில்லை. இந்தியச் சமையலறைக்கான மிக்ஸி 1960-களில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் கையில் உருவானதற்குக் காரணமே, அவர் வீட்டில் இருந்த வெளிநாட்டு இயந்திரம் நம் அரவையின் கடுமையைத் தாங்காமல் நின்றுபோனதுதான். 'சுமீத்' என்ற பெயரில் அவர் கொண்டுவந்த அந்த மிக்ஸியின் வழிவந்தவையே இன்று நம் மேடைகளில் நிற்கின்றன. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்ஸித் திட்டத்திற்குப் பிறகு, மிக்ஸி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஊறவைத்த உளுந்தையும் கொப்பரையையும் மஞ்சள் கிழங்கையும் அரைக்கும் கருவிக்கு நான்கு கீரை இலையும் ஒரு வாழைப்பழமும் ஒரு பொருட்டே அல்ல. சட்னி ஜாரை விட்டுவிட்டு, உட்சுவரில் நெடுக்காக வரம்புகள் உள்ள பெரிய ஜாரை எடுத்தால் போதும். அந்த வரம்புகளில் மோதித்தான் சுழலும் கலவை மீண்டும் மீண்டும் பிளேடை நோக்கித் திரும்புகிறது. சல்லடை வைத்த ஜூஸ் ஜார் இதற்கு உதவாது. அதுவும் ஒரு வடிகட்டிதான்.

எந்தக் கீரை என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'பச்சை இலை எதுவாயினும் நல்லது' என்று எண்ணி முருங்கைக்கீரையை உருவிப் பச்சையாக அரைத்தால், அதன் காரமும் பச்சை வாடையும் எந்தப் பழத்தையும் அடக்கிவிடும். முருங்கைக்கீரைக்கு உரிய இடம் வாணலி. அங்கே தேங்காய்த்துருவலோடு அது பெறும் சுவையை மிக்ஸியில் ஒருநாளும் பெறாது. அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை ஆகியவற்றில் உள்ள மண் வாசம் வெந்தால்தான் இனிமையாக மாறும். மணத்தக்காளியும் வெந்து உண்ண வேண்டிய கீரையே. பச்சை ஸ்மூத்திக்கு என் தேர்வு இளசான பாலக்கீரை: சுவை மென்மையானது, இலையில் நீர் அதிகம், நார் மெல்லியது. அதோடு ஐந்தாறு புதினா இலைகள் சேர்த்தால் கீரையின் வாடை தெரியாது. கொத்தமல்லியை அதே கையோடு சேர்த்துவிடாதீர்கள். பழத்தோடு சேர்ந்த கொத்தமல்லி ரசத்தை நினைவூட்டும். வல்லாரை பிடித்தவர்கள் இரண்டு மூன்று இலைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்; மேற்கொண்டு போனால் கசக்கும்.

பச்சையாக அரைக்கும் கீரை என்பதால் அதை வழக்கத்தைவிடக் கூடுதல் அக்கறையோடு கழுவ வேண்டும். கட்டு கட்டாக வரும் கீரை எந்தத் தண்ணீரில் வளர்ந்தது, எந்தத் தொட்டியில் முக்கி எடுக்கப்பட்டது என்பது வாங்குகிற நமக்குத் தெரியாது. வேரையும் அடித்தண்டையும் நறுக்கிவிட்டு, அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றி, மண் அடியில் தங்குமாறு அலசி, இலைகளை மேலாக அள்ளி எடுத்து, தண்ணீரை மாற்றித் திரும்பத் திரும்ப அலச வேண்டும். இதையும் தாண்டி நான் பரிந்துரைப்பது, கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் மட்டும் கீரையைப் போட்டு எடுத்து உடனே குளிர்ந்த நீரில் இடுவது. கிருமிகள் பெரும்பாலும் ஒழியும். பாலக்கீரையில் மிகுதியாக உள்ள, சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் நீரில் கரையக்கூடியது என்பதால் அதில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். நிறமும் பளிச்சென்று இருக்கும். வைட்டமின் சி-யில் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதைப் பழம் ஈடுகட்டிவிடும்.

பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாக்குக்கு முன்னால் கண்ணைக் கேளுங்கள். பச்சையோடு சிவப்பு சேர்ந்தால் பழுப்பு வரும் என்பது வண்ணம் தீட்டிய பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் மாதுளை, தர்பூசணி, பீட்ரூட் எல்லாவற்றையும் கீரையோடு போட்டுவிட்டு, சேற்றுத் தண்ணீர் போல் இருக்கிறதே என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். சப்போட்டாவும் அப்படித்தான். மஞ்சளும் வெண்மையுமான பழங்களே பச்சையைக் காப்பாற்றும்: வாழை, அன்னாசி, மாம்பழம், வெள்ளைக் கொய்யா. வாழையில் மோரிஸ் மலிவானது, நன்கு உறையக்கூடியது. கற்பூரவள்ளியைச் சேர்த்தால் வேறு இனிப்பு எதற்கும் தேவையிராது. பூவனில் உள்ள இலேசான புளிப்பு கீரைக்கு நன்றாகவே பொருந்தும். சித்திரை, வைகாசியில் பங்கனப்பள்ளி மலிவாகக் கிடைக்கும்போது நாரில்லாத அதன் சதை ஸ்மூத்திக்குக் கொடுக்கும் வழவழப்பை வேறு எதுவும் கொடுப்பதில்லை. கொய்யாவைப் போடுவதானால் நடுவில் உள்ள விதைப்பகுதியைக் கரண்டியால் தோண்டி எடுத்துவிடுங்கள். அரைபட்ட விதை நறநறவென்று பல்லில் படும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சில் உள்ளதைப் போலப் பல மடங்கு. கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஈர்த்துக்கொள்ள வைட்டமின் சி உதவுவதால், இந்த இரண்டும் ஒரே தம்ளரில் சேர்வது நல்ல பொருத்தம்.

வாழைப்பழத்தை ஸ்மூத்தியில் சேர்க்கவே கூடாது என்ற எச்சரிக்கையும் சமூக ஊடகங்களில் சுற்றுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் பங்குபெற்று 2023-இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து அது கிளம்பியது. வாழையில் உள்ள பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, பெர்ரி போன்றவற்றில் உள்ள, இதய நலத்துக்கு உதவும் என்று கருதப்படும் ஃபிளவனால் என்ற பொருள் உடலில் சேர்வதைப் பெருமளவு குறைக்கிறது என்பதே அதன் முடிவு. நறுக்கிய வாழைப்பழம் கறுப்பதும் இதே நொதியால்தான். ஃபிளவனாலுக்காகவே பெர்ரி வாங்கி அரைப்பவர்கள் வாழையைத் தவிர்ப்பதில் பொருள் இருக்கிறது. கீரையும் அன்னாசியும் வாழையும் சேர்த்துக் குடிக்கும் நமக்கு அதில் கலங்க ஒன்றுமில்லை.

இனி அரைக்கும் முறை. இரண்டு தம்ளருக்கு ஒன்றரைக் கைப்பிடி பாலக்கீரை, ஒரு வாழைப்பழம், அன்னாசி அல்லது மாம்பழத் துண்டுகள் 100 கிராம், புதினா, அரை மூடி எலுமிச்சை, ஏறத்தாழ 150 மில்லி தண்ணீர் அல்லது இளநீர் போதுமானவை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அரைப்பதுதான் திப்பி திப்பியாக வருவதற்குக் காரணம். முதலில் கீரையையும் புதினாவையும் பாதித் தண்ணீரோடு மட்டும் போட்டு, இலைத்துணுக்கு ஒன்றும் கண்ணில் படாத அளவுக்கு அரையுங்கள். அதன் பிறகே பழங்களைச் சேருங்கள். வாழைப்பழத்தை முந்தின இரவே உரித்து வில்லைகளாக நறுக்கி, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்துவிட்டால் ஐஸ் கட்டி தேவையில்லை. ஐஸ் கட்டி உருகி ஸ்மூத்தியை நீர்க்கச் செய்யும். உறைந்த வாழையோ அதைக் கெட்டியாக்கும். வெளியே எடுத்துச் சில நிமிடங்கள் விட்டபின் ஜாரில் போடுங்கள், பிளேடு சிக்கிக்கொள்ளாது. மிக்ஸியை ஒரே மூச்சில் ஓடவிடாமல் விட்டு விட்டு ஓட்டினால் மோட்டாரும் சூடேறாது, பானமும் சூடேறாது. எலுமிச்சையைக் குடிக்கும் நேரத்தில் பிழிந்தால் போதும். புளிப்பில் வெகுநேரம் ஊறினால் பச்சையத்தின் நடுவில் உள்ள மெக்னீசியம் விலகி நிறம் மங்கிவிடும்; புளி சேர்த்துக் கடைந்த கீரை பச்சை இழந்து நிற்பதும் இதே காரணத்தால்தான்.

பால் சேர்ப்பதை நான் விரும்புவதில்லை. குறிப்பாகச் சமைக்காத அன்னாசியோடும் பப்பாளியோடும் பால் சேர்ந்து நின்றால், அப்பழங்களில் உள்ள நொதிகள் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பேற்றிவிடும். கெட்டித்தன்மை வேண்டுமானால் ஊறவைத்த முந்திரி நான்கைந்து அல்லது இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் சேர்க்கலாம். கீரையின் பீட்டா கரோட்டினும் வைட்டமின் கே-யும் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாக ஏறும் என்பதால் இது சுவைக்காக மட்டும் சொல்வதல்ல.

பச்சை ஸ்மூத்தி உடலின் நச்சுகளை வெளியேற்றும் என்ற பேச்சை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நம்மிடம் கூலி கேட்காமல் செய்துகொண்டிருக்கின்றன. மேலே சொன்ன அளவில் செய்த இரண்டு தம்ளரிலும் சேர்த்துப் பழத்திலிருந்தே சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதன்மேல் தேனும் பேரீச்சையும் வெல்லமும் போட்டுவிட்டு 'இயற்கைதானே' என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவை பழச்சாறும் ஸ்மூத்தியும் சேர்ந்து நாளொன்றுக்கு 150 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறது. நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் ஒரு நாளுக்குப் பழம் 100 கிராம் என்றுதான் கணக்கிடுகிறது. எனவே சிறிய தம்ளர், நிதானமாகக் குடிப்பது, அன்று மதியம் இலையில் பொரியலும் கூட்டும் வழக்கம்போல இருப்பது என்பதே என் நிலைப்பாடு.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாலக்கீரை ஸ்மூத்தியை நாள்தோறும் குடிக்கும் யோசனையை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு, கீரையில் உள்ள வைட்டமின் கே திடீரென்று கூடுவதும் குறைவதும் அந்த மருந்தின் வேலையைப் பாதிக்கும் என்பதால், அவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது. மற்றவர்களுக்கு வாரத்தில் சில நாள்கள் இது நல்ல சிற்றுண்டி. பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது கீரை இருப்பதை மறைத்து ஏமாற்றும் உத்தியை மட்டும் நான் ஆதரிக்கவில்லை; பாலக்கீரையை ஆய்ந்து ஜாரில் போடும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். மிஞ்சினால் குச்சி ஐஸ் அச்சில் ஊற்றி உறையவைத்தால் மறுநாள் மாலைக்கு ஆகும்.