ஃபிர் கன்றுக்கு ஆழக்குழி வேண்டாம்

ஊசியிலை மரமான ஃபிர்ரின் கன்றை நடுவது பற்றிய ஒரு கட்டுரை, ஆழக்குழி தோண்டி அடியில் எருவை நிரப்பச் சொல்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எரு மட்கி அமுங்கும்போது கன்றும் இறங்கும், தண்டின் அடி மண்ணுக்குள் புதையும். வேர்ப்பந்தின் (வேரோடு ஒட்டிய மண் உருண்டையின்) உயரம்தான் குழியின் ஆழம். அகலம் மட்டும் பந்தைப்போல 2 முதல் 3 மடங்கு. தண்டு விரிந்து வேராகும் இடம் தரைக்கு மேலே கண்ணில் பட வேண்டும். தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டால் போதும்.

ஃபிர் மரத்துக்குப் பெரிய எதிரி தேங்கும் நீர். நடும் முன் குழியை நீரால் நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் நீர் நின்றால் வேறு இடம் தேடுங்கள், அல்லது மேடு கட்டி நடுங்கள். இல்லாவிட்டால் ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரியால் வேரழுகல் வரும். ஊசியிலைகள் மங்கிப் பழுப்பாவதைப் பார்த்து வறட்சி என்று எண்ணிப் பலரும் இன்னும் நீர் ஊற்றுகிறார்கள். மரம் அதனாலேயே சீக்கிரம் போய்விடுகிறது. விரலை 5 செ.மீ. மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்த்த பிறகே நீர் விடுங்கள்.

சற்றே அமிலமான மண் நல்லது. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து எட்டாமல் புது ஊசிகள் மஞ்சளாகும். மண்ணை மூடப் பரப்பும் மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. கனம் இருக்கட்டும், தண்டைத் தொடாமல்.

கவாத்தில், அதாவது கிளை வெட்டுவதில், முக்கியமானது: உச்சியில் நேராக வளரும் நடுக்குருத்தில் கை வைக்காதீர்கள். ஊசியில்லாத பழைய கட்டை வரை வெட்டிய கிளையும் மறுபடி துளிர்க்காது.