கிட்டங்கிச் சுவரில் சிமெண்ட் வேண்டாம்

தனுஷ்கோடி இடிபாடுகளைக் காப்பாற்றச் சொல்லும் உங்கள் கட்டுரை சரிதான், 1964 டிசம்பர் புயலில் போனது போக மிச்சம் நிற்கும் தேவாலயச் சுவராவது பிழைக்கட்டும். ஆனால் ராமநாதபுரம் கடற்கரை என்றாலே எல்லாரும் அங்கேயே நின்றுவிடுகிறீர்கள், கீழக்கரை பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி கப்பல் வணிகம் செய்த ஊர், முத்தும் சங்கும் ஏறி இறங்கிய துறை. அங்குள்ள பழைய கட்டடங்களில் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும்தான். காரை உதிர்ந்த இடத்தில் கிட்டப் போய்ப் பாருங்கள், கல் முழுக்கத் தேன்கூடு மாதிரி துளை. இப்போது பழுது பார்க்கிறோம் என்று கிட்டங்கி (சரக்குக் கிடங்கு), வீடு எல்லாவற்றிலும் சிமெண்டை அப்பிவிடுகிறார்கள். சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு உள்ளேயே பூத்து, அப்புறம் பூச்சு கல்லையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு விழுகிறது. (கொத்தனாரைச் சொல்லி என்ன பயன், சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆளே குறைந்துபோச்சு.) சரி, இடித்துவிட்டுப் புதுக் கல் எடுத்துக் கட்டலாம் என்றால் அதுவும் நடக்காது, பவளப்பாறையை வெட்டுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அடுத்த கட்டுரைக்கு ஒரு நடை கீழக்கரை போய்விட்டு வந்து எழுதுங்கள்.