ரம் புட்டியில் வயதுக்கு முன்னால் பார்க்க வேண்டியது தோட்டத்தின் பெயரை

வயதான கரீபியன் ரம் பற்றிப் பேச்சு எடுத்தாலே "எத்தனை வருஷச் சரக்கு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கயானாவின் டெமராரா ரம்மைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியை இரண்டாவதாகக் கேட்கலாம். முதலில் கேட்க வேண்டியது, எந்த வடிகலனில், அதாவது ரம்மைக் காய்ச்சி வடிக்கும் எந்தக் கலனில் இறங்கியது என்பது.

டெமராரா ரம் பிராண்டான எல் டொராடோவின் 15 வருடச் சரக்கு, 21 வருடச் சரக்கு இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்தை இன்னும் ஆறு வருடம் பீப்பாயில் விட்டு வைத்தால் இருபத்தொன்று ஆகிவிடும் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். அப்படி இல்லை. 15இன் கலவையில் போர்ட் மொரான்ட் இரட்டைப் பானை, வெர்சாய் ஒற்றைப் பானை, என்மோர் மரக் காஃபி ஸ்டில், டயமண்ட் காஃபி ஸ்டில் ஆகிய நான்கின் சரக்கும் இருக்கிறது (காஃபி ஸ்டில் என்பது ஈனியஸ் காஃபியின் பெயர் கொண்ட தூண் வடிவ வடிகலன்). 21இல் போர்ட் மொரான்ட் கிடையாது. அந்த இடத்தில் சவால் என்ற பிரெஞ்சு வகைத் தூண் வடிகலனில் இறங்கும் ஆல்பியன் சரக்கு இருக்கிறது. ஆகவே இவை இரண்டு தனித்தனி ரம்கள். விலை அதிகம் என்பதால் 21தான் மேல் என்ற முடிவை நான் ஏற்கவில்லை. டெமராராவின் குணம் முழுசாகத் தெரிவது 15இல்தான்.

போர்ட் மொரான்ட், என்மோர், வெர்சாய், ஆல்பியன் எல்லாம் கரும்புத் தோட்டங்களின் பெயர்கள். ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் சொந்தமாக வடித்தார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, மிஞ்சிய வடிகலன்களைக் கழற்றிக் கொண்டுவந்து, டெமராரா ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள டயமண்ட் ஆலையில் ஒரே கூரையின் கீழ் நிறுத்தியிருக்கிறார்கள். இன்று அவற்றை இயக்குவது டெமராரா டிஸ்டில்லர்ஸ் நிறுவனம்.

இவற்றில் மூன்று மரத்தால் ஆனவை என்பதுதான் உலகத்தில் வேறெங்கும் பார்க்கக் கிடைக்காத விஷயம். மரம் கிரீன்ஹார்ட், கயானாவின் உள்நாட்டுக் காட்டு மரம். இறுகியது, ஈரத்தில் லேசில் மக்காது. மரப்பானைக்கு அடியில் தீ மூட்ட முடியாது என்பதால் நீராவியால் சூடாக்குகிறார்கள். கழுத்துப் பகுதி மட்டும் செம்பு. சுவைக்கு இது முக்கியம். வடிக்கும்போது எழும் கந்தகச் சேர்மங்களைப் பிடித்து வைப்பது செம்பு. பானையே மரமாக இருந்தால் ஆவி செம்பைத் தொடும் பரப்பு குறைகிறது. கனமான, எண்ணெய்ப்பசை உள்ள, கொஞ்சம் முரட்டுத்தனமான சரக்கு இறங்குகிறது. போர்ட் மொரான்டில் இரண்டு பானைகள் அடுத்தடுத்து நிற்கும். முதல் பானையின் ஆவி இரண்டாவதற்குள் புகுந்து அங்குள்ள திரவத்தையும் கொதிக்க வைத்துக்கொண்டு மேலே போகும். அதிமதுரம், சோம்பு, லேசான தார் வாடை எல்லாம் அங்கிருந்து வருபவை. என்மோர் இன்னொரு மாதிரி. ஈனியஸ் காஃபி 1830இல் காப்புரிமை வாங்கிய தூண் வடிகலனை அப்படியே மரத்தில் கட்டியது அது, 1880ஐச் சேர்ந்தது. அதன் சரக்கில் பென்சில் சீவல், உலர்ந்த பழம், மெல்லிய மசாலா.

போர்ட் மொரான்ட் வடிகலன் 1732ஐச் சேர்ந்தது என்று விளம்பரங்களில் வரும். மரத்துக்கு ஆயுள் உண்டு, பலகைகள் கெடக் கெட மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்த ஆண்டில் அறுத்த பலகையில் வடித்ததைக் குடிக்கிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வடிவமும் முறையும் தொடர்ந்து வந்திருக்கின்றன, எனக்கு அதுவே பெரிது. பிரிட்டிஷ் கடற்படை 1970 ஜூலை 31 வரை மாலுமிகளுக்குத் தினமும் அளந்து கொடுத்த ரம்மின் கலவையிலும் இந்தக் கனத்த டெமராரா சரக்குக்கு முக்கிய இடம் இருந்தது.

பாரம்பரியம் என்று புட்டியில் அச்சடிக்கிறவர்கள் சொல்லாமல் விடுவதையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தோட்டங்களை முதலில் உருவாக்கியவர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள். 1823இல் டெமராராவில் அவர்கள் நடத்திய எழுச்சி ரத்தத்தில் அடக்கப்பட்டது. அடிமை முறை முடிந்த கையோடு 1838இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளின் வரவு தொடங்கி 1917 வரை நீடித்தது. பெரும்பான்மையினர் கல்கத்தா வழியாக வந்தவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. அவர்களுக்கு அங்கே பெயர் 'மதராசி'. பெர்பிஸ் பகுதியில் மாரியம்மன் வழிபாடு இன்றும் நடக்கிறது, மதுரை வீரனுக்கு ரம் படைக்கும் வழக்கமும் இருக்கிறது. போர்ட் மொரான்ட் அந்தப் பகுதித் தோட்டம்தான். ரோஹன் கன்ஹாயும் ஆல்வின் காளிச்சரணும் அந்த ஊர்க்காரர்கள் என்பதைக் கிரிக்கெட் ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்மோரில் 1948 ஜூன் 16 அன்று, வேலைநிறுத்தம் செய்த கரும்புத் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். கயானா அந்த நாளை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. வடிகலனின் ஆண்டைப் பெருமையாகப் போடும் லேபிளில் இதற்கும் ஒரு வரி இடம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது வயதுக்கு வருவோம். எல் டொராடோ புட்டியில் 15 என்றால் கலவையில் உள்ள இளைய ரம்முக்கே 15 வயது. எல்லா நிறுவனமும் இப்படிப் போடுவதில்லை. 'சொலேரா' (பழைய சரக்கோடு புதியதை அடுக்கடுக்காகக் கலந்து வரும் முறை) என்ற சொல்லோடு ஓர் எண் இருந்தால், அது பெரும்பாலும் கலவையில் உள்ள மூத்த சரக்கின் வயது; கூடவே ஆறேழு வருடச் சரக்கும் கலந்திருக்கலாம். வெப்பநாட்டு முதிர்ச்சியின் கணக்கும் வேறு. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதம் ஆவியாகும் என்றால், கயானாவில் 6 சதவீதம் அளவில் போகும். 200 லிட்டர் பீப்பாயில் 15 ஆண்டு கழித்து ஸ்காட்லாந்தில் 148 லிட்டர் மிஞ்சும், கயானாவில் 79 லிட்டர். 21 ஆண்டில் கயானாவில் 55 லிட்டர்தான். மிஞ்சுவது செறிந்துகொண்டே போகும், கூடவே ஓக் மரத்தின் துவர்ப்பும் ஏறும். ஓர் எல்லையைத் தாண்டினால் கரும்பு மறைந்து மரம் மட்டுமே நாக்கில் நிற்கும். எனவே கரீபியனில் 25 ஆண்டு என்று பார்த்ததும் மயங்க வேண்டாம்.

அடுத்தது சர்க்கரை. வடித்து இறங்கும் ரம்மில் சர்க்கரை துளியும் இருக்காது; இனிப்பு இருந்தால் பின்னால் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/787 விதிப்படி, ரம் என்று விற்க லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் இனிப்பு இருக்கக்கூடாது. எல் டொராடோவின் பழைய புட்டிகளில் இனிப்பு கணிசமாகவே இருந்தது. அது முரட்டுத்தனத்தை மழுப்பும், முடிவை வழவழப்பாக்கும், மரப்பானையின் குணத்தையும் மூடிவிடும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. இவ்வளவு அபூர்வமான வடிகலன்களை வைத்துக்கொண்டு அவற்றின் குரலை ஏன் அடக்க வேண்டும்?

சர்க்கரையை வீட்டிலேயே சோதிக்கலாம். ஆல்கஹால் மீட்டரை (திரவத்தின் அடர்த்தியை வைத்து ஆல்கஹால் சதவீதத்தைக் காட்டும் மிதவைக் கருவி) உயரமான கண்ணாடிக் குழாயில் உள்ள ரம்மில் மிதக்க விடுங்கள். சர்க்கரை திரவத்தின் அடர்த்தியைக் கூட்டும், அதனால் மீட்டர் லேபிளில் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஒரு புள்ளி, அதாவது ஒரு சதவீதம் குறைந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் சர்க்கரை. லேபிளில் 40, மீட்டரில் 35 என்றால் 20 கிராம். பலர் தவறுவது வெப்பநிலையில். மீட்டர் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது. 30 டிகிரி அறையில் வைத்து அளந்தால் 4 புள்ளி கூட்டிக் காட்டும். 16 கிராம் சர்க்கரை உள்ள ரம்மும் சுத்தமானது என்று பாஸாகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் குழாயை நிறுத்தி 20 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே அளக்க வேண்டும்.

சுவைக்கும்போது, வாய் குறுகிய சின்னக் கோப்பையில் 30 மில்லி ஊற்றி 15 நிமிடம் விட்டுவிடுங்கள். உடனே முகர்ந்தால் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். பிறகு வாயைச் சற்றுத் திறந்தபடி முகருங்கள். எல் டொராடோ 15இல் முதலில் கரும்புப்பாகும் உலர்திராட்சையும் வரும், பின்னால் ஆரஞ்சுத் தோல், வறுத்த காபி, கடைசியில் அதிமதுரம். முதல் மிடறை நாக்கு பழகுவதற்கென்று விட்டுவிட்டு, இரண்டாவதை வைத்து முடிவு செய்யுங்கள். ஐஸ் போட்டால் சோம்பும் தாரும் அடங்கி இனிப்பு மட்டும் மிஞ்சும். தண்ணீர் தேவையென்றால் அரை டீஸ்பூன் போதும்.

மரப்பானையைத் தனியாக அறிய விரும்புகிறவர்கள் பிஎம் (PM), இஎச்பி (EHP), விஎஸ்ஜி (VSG) என்ற குறியெழுத்துகள் உள்ள புட்டிகளைத் தேடுங்கள். அவை முறையே போர்ட் மொரான்ட், என்மோர், வெர்சாய். பெரும்பாலும் வலிமை குறைக்காமல் அடைத்தவை, அதனால் தண்ணீர் சேர்த்தே ஆக வேண்டும். புட்டியை நிற்க வைத்தே சேமியுங்கள். படுக்க வைத்தால் இந்த வலிமை கார்க்கை அரித்துவிடும். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் சின்னப் புட்டிக்கு மாற்றிவிடுங்கள். காற்றோடு மாதக்கணக்கில் கிடந்தால் முதலில் போவது அந்த அதிமதுர வாசனைதான்.