கொளுஞ்சி குப்பை இல்லை

நேற்றிலிருந்து இங்கே எல்லோரும் பகிரும், குளக்கரைப் புதரை ஒழித்த படங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கரை முழுக்கக் களைக்கொல்லி அடித்துக் கருக்கிவிட்டு "புதர் ஒழிந்தது" என்று மார்தட்டுகிறார்கள். சந்தோஷம். அங்கே கருகிக் கிடப்பதில் பாதி கொளுஞ்சி, வயலுக்கு உரமாகிற பசுந்தாள் செடி. குப்பை இல்லை.

சம்பா அறுத்த தரிசில், மிச்ச ஈரத்திலேயே வளர்ந்து சித்திரை வெயிலையும் தாங்கி நிற்கிற செடி அது. வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும். பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் நெல்லுக்கு உரம். மாடும் அவ்வளவாக வாய் வைக்காது. ஒருமுறை விதை உதிர்ந்த வயலில் அடுத்த வருடம் தானாகவே வரும். யூரியா மூட்டை அப்படி வருமா?

முதல்முறை விதைப்பதுதான் வேலை. விதைத்தோல் அவ்வளவு கெட்டி. எங்கள் அப்பாயி மணலோடு சேர்த்து உரலில் போட்டு மெதுவாக இடிக்கும். கொஞ்சம் ஓங்கிக் குத்தினால் திட்டு விழும். தோல் கீறணும், பருப்பு உடையக் கூடாது. அந்தப் பக்குவத்தில் வந்த செடியைத்தான் ஒரு கைத்தெளிப்பான் குப்பையாக்கிவிட்டது.

"பாம்பு வரும், பிள்ளைகள் நடக்கிற பாதை" என்பீர்கள். சரி, பாதையோரம் அரிவாளால் அறுத்திருக்கலாமே! தழையை அள்ள நானே வண்டி அனுப்பியிருப்பேன். "இயற்கை விவசாயப் பைத்தியம்" என்பவர்களுக்கு: நானும் யூரியா போடுகிறவன்தான். குளக்கரையில் ஏன் மருந்து என்றுதான் கேட்கிறேன். மழை பெய்தால் அது எங்கே போகும்?

இதில் வேடிக்கை, சித்த மருத்துவத்தில் கல்லீரல், மண்ணீரல் கோளாறுகளுக்குச் சொல்லப்படும் வேர் இதுதான். நான் வைத்தியம் சொல்லவில்லை, வைத்தியரைக் கேளுங்கள். ஆனால் இதே வேரைப் பொடியாக்கி, டப்பாவில் அடைத்து, பச்சை லேபிள் ஒட்டினால் காசு கொடுத்து வாங்குவீர்கள். கரையில் சும்மா நின்றால் புதர். எங்களையும் அப்படித்தான் பார்க்கிறீர்கள். மேடையில் 'உழவர் பெருமக்கள்', இங்கே வந்து ஒரு வார்த்தை சொன்னால் 'பெருசு'.

"அவ்வளவு ஆசையென்றால் உங்க வயலில் வைத்துக்கொள்ளுங்க மாமா" என்று ஒரு தம்பி எழுதி, நாலு சிரிப்புப் பொம்மையும் போட்டிருக்கிறார். வைத்திருக்கிறேன் தம்பி. தெளிப்பானில் மீதி இருந்தால் என் வரப்புப் பக்கம் மட்டும் வந்துவிடாதீர்கள்.