சில்வர் அடிக்கிறதுக்கு முன்னாடி கிளாஸ் பிளாக் (பளபளக்குற கருப்பு) அடிங்க தம்பிங்களா

நம்ம சுங்கை சிப்புட் பக்கம் இப்ப பிளாஸ்டிக் மாடல் கட்டுற பிள்ளைங்க நெறைய பேரு, கன்டாம் ரோபோதான் அதிகம், பிளேன் கட்டுறவங்க கொஞ்சம், பாக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா இந்த சில்வர் விஷயத்துல மனசு கேக்க மாட்டேங்குது. வெல கூடுன மெட்டாலிக் பெயிண்ட வாங்கி கிரே பிரைமர் (மொத அடிக்கிற அடிப்பூச்சு) மேல நேரா அடிச்சிட்டு "அண்ணே, குரோம்னு போட்டிருக்கான், சாம்பல் கலராத்தான் வருது"ன்னு வந்து நிக்கிறாங்க. பெயிண்ட் மேல ஒரு குத்தமும் இல்ல தம்பி, கீழ என்ன அடிச்சேன்னு பாரு.

அல்கிளாட் குரோம், மிஸ்டர் கலர் சூப்பர் குரோம் சில்வர் இதுலலாம் உலோகத் துகள் ரொம்பப் பொடிசு, கோட்டும் மெல்லிசு, அதனால கொஞ்சம் வெளிச்சம் உள்ள பூந்து கீழ வரைக்கும் போயிடும். கீழ கிரேயோ வெள்ளையோ இருந்தா அங்க பட்டு சிதறி திரும்பி வந்து எல்லாத்தையும் மங்கலாக்கிடும். கருப்பு இருந்தா அத முழுங்கிடும், துகள் மேல பட்டு நேரா திரும்புற வெளிச்சம் மட்டும்தான் கண்ணுக்கு வரும். ராத்திரி ஈப்போ பஸ்ஸுல உக்காந்தா ஜன்னல் கண்ணாடில நம்ம மூஞ்சி தெரியுமே, பகல்ல தெரியாதே, அதே கததான்.

கருப்ப விட கிளாஸ்தான் முக்கியம், இத அடிச்சு சொல்வேன். பளபளப்பில்லாத மேட் பிளாக்ல கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும், துகள் ஒவ்வொன்னும் ஒவ்வொரு பக்கம் சாஞ்சு படுத்துக்கும், அப்புறம் எங்கேந்து பளபளப்பு வரும். வழவழன்னு இருந்தாத்தான் எல்லாம் ஒரே மட்டமா படுக்கும். அதனால கருப்பு காஞ்சதும் டியூப் லைட்ட அதுல பாருங்க. லைட்டோட ஓரம் கோடு போட்டாப்புல நேரா தெரிஞ்சா சரி. நெளிஞ்சா, 2000 நம்பருக்கு மேல உள்ள நைசு சேண்ட் பேப்பர தண்ணில நனைச்சு மெதுவா தேச்சு தாமியா காம்பவுண்ட் போட்டு பாலிஷ் பண்ணுங்க. சில்வர் ஒரு கீறலையும் மறைக்காது, எடுத்துத்தான் காட்டும்.

ஏர்பிரஷ் (காத்தழுத்தத்துல பெயிண்ட் தெளிக்கிற கருவி) இல்லாதவங்க தாமியா டிஎஸ்-14 கருப்பு ஸ்பிரே கேன் வாங்கிக்கலாம், கருப்ப அதுல அடிச்சாலே போதும்.

நம்ம ஊரு ஈரத்த மறந்துடாதீங்க. மத்தியானத்துக்கு மேல மழ கட்டுற நேரத்துல லாக்கர் (சீக்கிரம் காயுற பெயிண்ட்) அடிச்சா, தின்னர் ஆவியாகறப்ப பெயிண்ட் மேல குளிர்ந்து காத்துல உள்ள ஈரம் அதுல படிஞ்சு கருப்பு வெளுத்துப் போகும். காலைல பசியாறிட்டு வெயில் ஏறுனதும் அடிங்க, மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் போடுங்க, அதுல ரிட்டார்டர் இருக்கு, மெதுவா காஞ்சு தானா சமமாகும். அப்புறம் தூசி படாம மூடி வச்சிட்டு ரெண்டு நாளாவது தொடாதீங்க, மெதுவா காயுற எனாமல் கருப்புன்னா இன்னும் கூட. சரியா காயாத கருப்பு மேல லாக்கர் சில்வர் பட்டா கீழ உள்ளது இளகி வெடிப்பு விட்டுடும்.

சில்வர் அடிக்கிறப்ப ஏர்பிரஷ் காத்து பிரஷர 12லேருந்து 15 பிஎஸ்ஐக்குள்ள வச்சுக்குங்க, ஈரம் தேங்கவே கூடாது. மொத சுத்துல கருப்பு அப்படியேதான் இருக்கும், லேசா ஒரு இருட்டுப் பளபளப்பு ஏறும், பயப்படாதீங்க. அடுத்தடுத்த சுத்துல திடீர்னு ரெக்க மேல டியூப் லைட் தெளிவா வந்து நிக்கும். அங்க நிறுத்திடணும்! இன்னும் கொஞ்சம்னு கை போகும், விடாதீங்க, கருப்ப முழுசா மூடுற வரைக்கும் அடிச்சா கண்ணாடி போயி வெறும் சில்வர் பெயிண்ட்தான் மிஞ்சும்.

எல்லாத்துக்கும் கருப்புதான் வேணும்னு நான் சொல்ல வரல. தாமியா எல்பி-11 சில்வர் நல்லா மூடும், அதுக்கு வழவழன்னு இருக்கிற கிரே போதும். பட்டர்வொர்த்துல 1958 கடைசிலேருந்து நின்ன ஆஸ்திரேலியாக்காரன் சேபர் போர் விமானம் கட்டுறீங்கன்னா முழு பிளேனையும் குரோமாக்கிடாதீங்க, பறக்குற பிளேன் அப்படி இருக்காது. சில பேனலுக்குக் கீழ கிளாஸ் பிளாக், சிலதுக்கு கிளாஸ் டார்க் கிரே, மேல ஒரே அலுமினியம், அதுலயே தகட்டுக்குத் தகடு நெறம் மாறித் தெரியும். கன்டாமுக்கு கேண்டி ரெட் (உள்ள உலோகம் மின்னுற செவப்பு) போடுறவங்க கருப்பு, சில்வர், அதுக்கு மேல கிளியர் ரெட், இதே வரிசைல போங்க. குரோமாவே விடுறதுன்னா மட்டும் மேல கிளியர் கோட் வேணாம், மங்கிடும், வெறும் கையால தொடவும் வேணாம்.